மாம்பழக் கலர்

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காரு தாயி. இந்தப் பையை மடியில வச்சுக்கிறேன், கீழ வச்சா யாராச்சும் மிதிச்சிருவாக. திண்டுக்கல்தானே? நானும் அங்கதான். சின்னாளபட்டிக்கு ஒரு அவசர சோலி, ஓடியாந்தேன். என் காலைப் பாரு, கக்கூசுக்குப் போட்டுப்போற செருப்பு. இதோடயே பஸ் ஏறியிருக்கேன். சின்னாளபட்டியில எறங்குன பொறகுதான் கவனிச்சேன். என்னத்தச் சொல்ல.

ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது. இப்படிக் கிளிப்பச்சையில சுடிதாரும் அதுக்கு மேல ஆரஞ்சுத் துப்பட்டாவும் போட்டுருக்கியே, உனக்குக் கூச்சமா இல்லையா? நீயும் என் நிறந்தான். உள்ளதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ஏறுனப்பவே உன்னையத்தான் பாத்தேன். முன்னாடி சீட்டு காலியாத்தான் கெடக்கு, ஆனாலும் உன் பக்கத்துலதான் வந்து உக்காந்தேன். கூச்சமே இல்லையா? சிரிக்கிற. எனக்கு உன்னையப் பாத்தாலே உடம்பு கூசுது போ.

அந்தக் கண்டக்டர் தம்பி வந்தப்ப நான் முந்தானையை இழுத்து மூஞ்சிய மறைச்சதைப் பாத்தீல்ல? அவனுக்கு என்னையத் தெரியும். கண்டுக்கிட்டான்னு வையி, "என்ன மதினி, அண்ணே இன்னைக்கு என்ன கலரு?"ன்னு கேப்பான். பஸ்ஸே திரும்பிப் பாக்கும். எனக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது.

அண்ணேன்னா எங்க வீட்டுக்காரவுக. பேரு உனக்கெதுக்கு, இவுகன்னு சொன்னா விளங்காதா? இவுகளும் கண்டக்டர்தான். மதுரை ரூட்டுல கொஞ்ச காலம், நிலக்கோட்டை ரூட்டுல ரொம்பக் காலம். ரிட்டையர் ஆகுற வரைக்கும் காக்கி, காக்கி, காக்கிதான். நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. காக்கியில ஒரு மதிப்பு இருக்கு. பக்கத்துல நடந்து போனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாக. எனக்கு அதான் வேணும். யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது.

ஆனா மனுசன் காக்கிக்குள்ள நின்னாலும் புத்தி பூராம் கலர்லதான். மத்த ஆம்பளைக வீட்டுக்கு வந்தா ஊர்வம்பு பேசுவாக, இல்லன்னா மேனேஜரைத் திட்டுவாக. இவுக சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுறதுக்குள்ள, "இன்னைக்கு நிலக்கோட்டையில ஒரு பூக்காரம்மா கோழிக்கொண்டை மூட்டை ஏத்துச்சுடி, மூட்டை ஓட்டை, பஸ்ஸு பூராம் வாடாமல்லிக் கலரா செதறிப் போச்சு. கூட்டச் சொல்ல மனசு வரல"ன்னு சொல்லுவாக. "செம்பட்டியில ஒரு பொண்ணு மயில்கழுத்துக் கலர்ல தாவணி, கையில தக்காளிக் கூடை. சீட்டுக் குடுக்க மறந்துட்டேன்"னு சொல்லுவாக. தாவணியப் பாத்தீகளா, தாவணி கட்டுனவளைப் பாத்தீகளான்னு கேட்டா, "ரெண்டும் சேந்தாத்தானடி கலரு"ம்பாக. ஒரு புருசன் பேசுற பேச்சா இது?

அதோட விட்டாப் பரவாயில்ல. எனக்குச் சேலை வாங்கிட்டு வருவாக. சின்னாளபட்டி சுங்குடிதான். தறிக்காரவுக எல்லாம் பழக்கம். சேலைன்னா எப்படி? ராணி கலரு. கிளிப்பச்சை. தக்காளிச் செவப்புல வெள்ளைப் புள்ளி. தூரத்துல வர்றப்பவே கண்ணைக் குத்தும். நான் என்ன செய்வேன்? "நல்லா இருக்கு, நல்லது பொல்லதுக்குக் கட்டிக்கிறேன்"னு சொல்லி பீரோவுல வச்சு ரசகற்பூரத்தைப் போட்டுருவேன். கட்ட மாட்டேன். எனக்குன்னு இருக்கிறது சாம்பக் கலரு, காப்பிப்பொடிக் கலரு, வெங்காயத்தோல் கலரு. இந்தா கட்டியிருக்கேன்ல, இது புழுதிக் கலரு. இதுல என்ன கொறச்சல்?

எங்க அம்மா சின்னதுலயே சொல்லிருச்சு. "உனக்குக் கலர் எடுக்காதுடி. அடிக்கிற கலரைக் கட்டுனா இன்னும் கருப்பாத் தெரிவ"ன்னு. பெத்தவ கெடுதலுக்கா சொல்லுவா? துணிக்கடைக்காரனும் அதையேதான் சொல்லுவான். செவப்பா நாலு பேரு நின்னா ரோஸை எடுத்துப் போடுவான், என் முன்னாடி மட்டும் தானா ஒரு பழுப்பை எடுத்துப் போடுவான். நான் கேக்கவே வேணாம்.

ஒரே ஒரு தடவை கட்டுனேன். தலைதீபாவளி. வத்தலக்குண்டு எங்க அம்மா வீட்டுல. எங்க அப்பா அரக்குல சேலை எடுத்து வச்சிருந்தாரு. இவுக தன் பைக்குள்ள இருந்து ஒண்ணை எடுத்தாக. மாம்பழக் கலரு. நல்லாப் பழுத்த மாம்பழத்தை வெட்டுனா உள்ள இருக்குமே, அந்த மஞ்சள். செவப்புக் கரை. "இதைக் கட்டிட்டு வா"ன்னாக. புதுசாக் கட்டிக்கிட்ட புருசன் சொன்னா மாட்டேன்னா சொல்ல முடியும்? எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு அதைக் கட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். நல்ல வெயில். இவுக வாசல்ல தெருப் பிள்ளைகளுக்கு வெடி பத்தவச்சுக் குடுத்துக்கிட்டு நிக்கிறாக. எங்க அண்ணன் பொண்டாட்டி, எங்க மதினி, நல்ல செவப்பு, உரிச்ச பனங்கெழங்கு மாதிரி இருப்பா. என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்ன இது, பூசணிப் பூவுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு"ன்னுட்டா.

எல்லாரும் சிரிச்சாக. தெருவே சிரிச்சுச்சு. அதுகூடப் பரவாயில்ல. இவுகளும் சிரிச்சாக. நான் என் கண்ணால பாத்தேன். பல்லு பூராம் தெரியச் சிரிச்சாக.

நேரா உள்ள போய் அவுத்துப் போட்டுட்டு அரக்கைக் கட்டிக்கிட்டேன். அவ்வளவுதான். அதுக்குப் பொறகு எந்தக் கலரும் என் மேல படல. நான் இவுககிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே! ஏன் சிரிச்சீகன்னு ஒரு வார்த்தை. எப்படிக் கேக்குறது? கேட்டா, "ஆமா, அப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டா?

அந்த மதினியே பின்னாடி ஒரு நாள் வீட்டுக்கு வந்தப்ப பீரோவைப் பாத்துட்டு, "நீ கட்டாமத்தானே வச்சிருக்க, எனக்குன்னா எடுக்கும்"னு ஆனந்தா புளூ ஒண்ணைக் கேட்டா. குடுத்துட்டேன். அவ அதைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுலயே விருந்து சாப்பிட்டா. சும்மா சொல்லக் கூடாது, அம்பாள் மாதிரி இருந்தா. அன்னைக்கு இவுக சாப்பிடல. வயித்து வலியா இருக்கும்னு ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். அதையும் குடிக்கல.

ஆனா ஒண்ணு, சேலைகளை நான் வீணாக்கல. வருசா வருசம் ஆடி மாசம் எல்லாத்தையும் மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் வெயில்ல விரிப்பேன். பூச்சி அரிச்சிருமே. மாடிக் கதவைத் தாப்பாப் போட்டுருவேன், பக்கத்து வீட்டுப் பொம்பளைக வந்து எடுத்துப் பாக்கக் கூடாதுல்ல. விரிச்சுட்டு நடுவுல உக்காந்துக்குவேன். காக்கா எச்சம் போட்டுருமே, காவலுக்கு யாரு இருக்கா? பொழுதுக்கும் உக்காந்திருப்பேன். காத்து வந்தா பச்சை கொஞ்சம் தூக்கும், ராணி கலரு கொஞ்சம் தூக்கும். சோறு தண்ணி ஞாபகம் வராது. காவல்னா அப்படித்தானே.

இப்ப ரிட்டையர் ஆன கதைக்கு வாறேன். ரிட்டையர் ஆன மறுநாளே காக்கி எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி, மெக்கானிக் செட்டுல கை துடைக்கக் குடுத்துட்டாக. சரி, இனி வெள்ளைச் சட்டை போடுவாகன்னு நெனச்சேன். வயசான மனுசனுக்கு வெள்ளைதான லச்சணம்? ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு சின்னாளபட்டி யூசுப் பாய்கிட்டப் போனாக. யூசுப் பாய் யாருன்னா, டிப்போக்காரவுகளுக்குக் காக்கி தைக்கிற டெய்லரு. இவுகளுக்கு ரொம்பக் காலமாச் சிநேகிதம். நான் பழைய பேண்டைப் பிரிச்சுத் தைக்கப் போறாகன்னு நெனச்சேன்.

போனவுக திரும்பி வந்து வாசல்ல நிக்கிறாக. ராணி கலரு சட்டை! காலர்ல சேலைக் கரை! எங்க மக தேன்மொழி பொறந்தப்ப எனக்கு வாங்கிக் குடுத்த சேலை தாயி! அதை வெட்டிச் சட்டை தச்சுப் போட்டுக்கிட்டு, "எப்படி இருக்கு?"ன்னு கேக்குறாக.

"உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"ன்னேன்.

"நீ கட்டல. துணி கெடந்து மக்குது. யாராச்சும் ஒருத்தர் உடுத்தணும்ல?"ன்னுட்டு மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டாக. அந்தச் சட்டையோட. மார்க்கெட்டுக்கு!

ஒரு சேலைக்கு ரெண்டு சட்டை வருமாம். கிளிப்பச்சை வந்துச்சு. தக்காளிச் செவப்பு வந்துச்சு, வெள்ளைப் புள்ளியோட. யூசுப் பாய் வேற, "காக்கியையே வெட்டி வெட்டிக் கை மரத்துப் போச்சு, இப்பத்தான் கடைக்கே களை வந்துருக்கு"ன்னு சொன்னாராம். தெருப் பிள்ளைக "கலர்த் தாத்தா"ன்னு கூப்பிடுதுக. காய்க்காரி, "அண்ணே வந்துட்டாரு, இனி யாவாரம் ஆகும்"கிறா. இவுகளுக்கு அம்புட்டுச் சந்தோசம். எனக்குத் தலையை எங்கிட்டுக் கொண்டு வைக்கிறதுன்னு தெரியல. கோயிலுக்கு நான் முன்னாடி போயிருவேன், இவுக பின்னாடி வருவாக. ரேசன் கடைக்கு இவுக போனா நான் போக மாட்டேன்.

டிப்போவுல ஒருத்தர் மகன் கல்யாணம். மண்டபத்துல பொம்பளைக பக்கம் உக்காந்திருக்கேன். இவுக தக்காளிச் செவப்புல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறாக. பக்கத்துல இருந்த அம்மா, நல்ல படிச்ச அம்மா, என்கிட்டக் குனிஞ்சு, "யாருங்க அது, சேலையைச் சட்டையாப் போட்டுக்கிட்டுத் திரியுறது?"ன்னு கேட்டுச்சு. நான்... நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலயே, பொண்ணு வீட்டு ஆளா இருக்கும்"னேன்.

எனக்குப் பின்னாடி இவுக நின்னிருக்காக. கையில தண்ணி பாட்டில். எனக்கு வெயில் தாங்காதுன்னு எடுத்துட்டு வந்திருக்காக. பாட்டிலை என் பக்கத்துச் சேர்ல வச்சுட்டுப் போயிட்டாக. ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்தும் சொல்லல. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு மூஞ்சி எரியுது. நீ யாரு எவருன்னு தெரியாததால உன்கிட்டச் சொல்லிட்டேன். ஆனாலும் ஒண்ணு கேக்குறேன், அப்படி ஒரு சட்டையைப் போட்டுட்டு வந்தா ஒரு பொண்டாட்டி வேற என்னதான் சொல்லுவா?

சன்னலை மூடாத தாயி, காத்து வரட்டும்.

எங்களுக்கு ஒரே மகதான், தேன்மொழி. அவளும் என் நிறம். அதனால நான் அவளை ரொம்பக் கவனமா வளத்தேன். ஒரு பய அவளைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? சொல்ல விடல. சந்தனக் கலரு, பிஸ்கட் கலரு, அதுக்கு மேல போக மாட்டேன். ரிப்பன்கூட மெரூன்தான். ஸ்கூல்ல டான்ஸுக்கு மஞ்சப் பாவாடை கேட்டாகன்னு டான்ஸே வேணாம்னு நிப்பாட்டிட்டேன். அழுதுச்சு. அப்பொறம் மறந்துருச்சு. பிள்ளைகளுக்கு என்ன, எல்லாம் மறந்துரும்.

மறந்துருச்சுன்னுதான் நெனச்சேன். அவ வளைகாப்புக்கு நான் வளவிக் கடையில பாத்துப் பாத்து, கண்ணுக்கு உறுத்தாத மெரூனாப் பொறுக்கி எடுத்து வச்சிருந்தேன். சம்பந்தியம்மா ஒரு பெட்டி நெறைய பச்சை, செவப்பு, மஞ்சள்னு கொண்டாந்துருச்சு. முழங்கை வரைக்கும் அடுக்கிட்டாக. தேன்மொழி ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக்கிட்டு ஆட்டி ஆட்டிப் பாக்குறா. சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பு. என்னையப் பாத்து, "ஏம்மா, என் கைக்கு இதெல்லாம் இம்புட்டு நல்லா இருக்கே, நீ ஒரு தடவைகூட வாங்கித் தரலயே"ன்னா. கோவமாச் சொல்லல. சும்மாதான் சொன்னா. சபையே இருக்கு. நான் சந்தனக் கிண்ணத்தை எடுக்குற மாதிரி அடுப்படிக்குப் போயிட்டேன். அவ நல்லதுக்குத்தானே அப்படி வளத்தேன்? அடுப்படியில நின்னு எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கிட்டேன். எனக்கே அது சரியா ஒட்டல.

இப்ப பேத்தி பொறந்திருக்கா. ஆமா, பொம்பளப் பிள்ளை. எங்க வீட்டுலதான் இருக்காக ரெண்டு பேரும்.

ஆஸ்பத்திரியில நர்சு பிள்ளையைக் கொண்டாந்து கையில குடுத்துச்சு. ரோசாப்பூ மாதிரி இருக்கு, பொறந்த பிள்ளை எல்லாம் அப்படித்தான் இருக்கும். பின்னாடி என்ன நிறம் வரும்னு காது மடலைப் பாத்தாத் தெரியும். நீயும் கேள்விப்பட்டிருப்பியே. நான் துணியை விலக்கி மொதல்ல காது மடலைத்தான் பாத்தேன். கருப்பு. என் கருப்பு. நல்லாத் தெரியுது.

தேன்மொழி படுத்துக்கிட்டே என்னையப் பாத்துக்கிட்டிருந்திருக்கா. "என்னம்மா காதைப் பாக்குற?"ன்னா.

"ஒண்ணுமில்ல, காது குத்த எடம் எப்படி இருக்குன்னு பாத்தேன்"னேன்.

அவ மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. தெரியும் அவளுக்கு. அவளை நான் அப்படித்தான பாத்திருப்பேன், பொறந்தப்ப? எனக்குப் பிள்ளையை வச்சுக்கிட்டு நிக்கவும் முடியல, குடுக்கவும் முடியல. அந்த மாதிரி ஒரு கூச்சத்தை நான் எந்தச் சேலைக்கும் பட்டதில்ல தாயி.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. தூளி கட்டணும். எங்க பக்கம் தூளிக்கு அம்மாயி சேலைதான், அம்மாவைப் பெத்தவ சேலை. அதுவும் புதுச் சேலை ஆகாது. மொடமொடன்னு இருந்தா பிள்ளை முதுகு செவந்துரும். நல்லாக் கட்டிப் பழகி, தொவைச்சுத் தொவைச்சு மெத்துன்னு ஆன சேலையா இருக்கணும். கட்டுனவ வாசம் அதுல இருக்கணும். அப்பத்தான் பிள்ளை தூங்கும். என்கிட்டக் கட்டிப் பழகுன சேலைன்னா என்ன இருக்கு? சாம்பக் கலரு. அதைத்தான் கட்டுனேன்.

இவுக நேத்து வந்து தூளியை விலக்கி எட்டிப் பாத்தாக. பிள்ளை முழிச்சுக்கிட்டு, துணியையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. இவுக மெதுவா, "இந்தப் பிள்ளைக்கு ஒலகம்னா இப்ப இந்தத் துணிதான். கண்ணைத் தொறந்தா சுத்திச் சாம்பல்"னாக.

எனக்குச் சுள்ளுன்னுச்சு. "அப்ப பருத்திச் சேலையில கலரா எது இருக்கு? எல்லாத்தையுந்தான் வெட்டிச் சட்டையாப் போட்டுக்கிட்டுத் திரியுறீகளே"ன்னேன். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, அந்த மாம்பழக் கலரு. அதை இவுக இன்னும் தச்சுப் போடலயேன்னு. இன்னைக்குக் காலையில பீரோவைத் தொறந்து அடித்தட்டுல பாக்குறேன், காணோம். பேப்பருக்கு அடியில பாக்குறேன், காணோம்.

இவுக இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. "அதையும் வெட்டிட்டீகளா?"ன்னு கத்துனேன். அப்படி நான் கத்துனதே இல்ல. தேன்மொழி எந்திரிச்சு வந்துட்டா. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, அம்புட்டு வருசம் கேக்காததைக் கேட்டுட்டேன். "வெட்டுவீக, ஏன் வெட்ட மாட்டீக? அன்னைக்கு அதைக் கட்டிக்கிட்டு வந்து நின்னப்ப நீங்களுந்தானே சிரிச்சீக! ஊரோட சேந்து பல்லைக் காட்டுனீகளே!"

இவுக கையில இட்லியோட அப்படியே பாக்குறாக. "என்னைக்கு?"ன்னாக.

"தலைதீபாவளிக்கு. எங்க மதினி பூசணிப் பூவுக்குள்ள வண்டுன்னு சொன்னப்ப."

"அவ என்ன சொன்னான்னு எனக்கு இப்ப நீ சொல்லித்தான் தெரியும். நான் கையில வெடியை வச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ வெயில்ல வந்து நின்ன. எனக்குச் சிரிப்பு தானா வந்துச்சு. சந்தோசம் வந்தா மனுசன் சிரிக்க மாட்டானாடி?"ன்னாக. "உள்ள போன, அரக்கைக் கட்டிக்கிட்டு வந்துட்ட. உனக்கு நான் வாங்குனது பிடிக்கலன்னு நெனச்சேன். வேற கலரு வாங்கிப் பாத்தேன். அதுவும் பிடிக்கல. அப்பொறம் ஒரு ஆடியில மொட்டை மாடிக் கதவுச் சந்து வழியாப் பாத்தேன், எல்லாத்தையும் விரிச்சு நடுவுல உக்காந்திருந்த. பிடிக்காமத்தான் உக்காந்திருந்தியா?"

அது காவலுக்கு உக்காந்ததுன்னு சொல்ல வாய் வரல.

சிரிச்சது சந்தோசத்துலயாம். இம்புட்டு வருசம் கழிச்சு என்ன வேணாலும் சொல்லலாம், இல்ல? யாரு கண்டா? நீ என்ன நெனைக்கிற? உண்மையா இருக்கும்கிறியா? நீ சின்னப் பிள்ளை, எல்லாத்தையும் நம்புவ. ஆனா இவுகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. பொய்யா இருந்தா நான் கோவத்தோடயே இருந்துட்டுப் போயிருவேன்.

கடைசியா, "சேலை யூசுப்கிட்ட இருக்கு. வேணும்னா நீயே போய்க் கேளு"ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டாக. நான் அப்படியே எறங்கி ஓடியாந்தேன், இந்தச் செருப்போட. நல்ல சேலை வீணாப் போகுதேன்னுதான் ஓடியாந்தேன், வேற ஒண்ணுமில்ல.

யூசுப் பாய் கடையில ஒரு நீலச் சட்டைக்குப் பித்தான் வச்சுக்கிட்டு இருந்தாரு. நான் போய் மூச்சு வாங்க நிக்கிறேன். "வெட்டிட்டீகளா பாய்?"னேன். மனுசன் சிரிச்சுக்கிட்டே மிசின் மேசைக்கு அடியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாரு. பேப்பர்ல சுத்தி நூல் போட்டுக் கட்டியிருக்கு. "மத்த சேலையோட சேத்து மொத நாளே குடுத்துட்டாரும்மா. 'இதுல மட்டும் கத்தரி வைக்காத பாய். அவ தேடி வருவா, வர்றப்பக் குடு'ன்னாரு. நான்கூட வர மாட்டீகன்னு நெனச்சேன்"ங்கிறாரு.

பாத்தியா தாயி? எம்புட்டுக் கொழுப்புன்னு பாத்தியா? நான் தேடி வருவேன்னு உக்காந்திருக்காக. ஊரெல்லாம் கிளிப்பச்சையில சுத்தி என் மானத்தை வாங்கி, கடைசில என்னைய இந்தச் செருப்போட ஓட வச்சு... எனக்கு யூசுப் பாய் முன்னாடி அழுகை வந்துருச்சு. டெய்லர் கடையில நின்னு அழுதா என்ன நெனைப்பாக? தண்ணி குடுத்தாரு. குடிச்சுட்டு வந்துட்டேன்.

இதுல இன்னொரு சங்கடம் இருக்கு. இது ஒரே ஒரு தடவை, அதுவும் அரை மணி நேரம் கட்டுன சேலை. மொடமொடப்பு அப்படியே இருக்கு. தூளிக்கு ஆகாது. நான் கட்டிப் பழக்கணும். தெனமும் கட்டி, தொவைச்சு, மறுபடி கட்டி. வீட்டுக்குள்ளதான் கட்டுவேன். வாசலுக்கு வர மாட்டேன். பிள்ளைக்காகத்தான். இந்த வயசுல எனக்கு எதுக்கு மாம்பழக் கலரு?

தாயி, ஒரு உதவி செய்யிறியா? யாரும் இங்கிட்டுப் பாக்கலயே? இந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு ஒரு மடிப்பை என் தோள்ல போட்டுப் பாரேன். சன்னல் பக்கம், வெயில்ல. சுங்குடியை வெயில்ல பாத்தாத்தான் கலரு தெரியும். மொத்தத்தையும் பிரிக்காத, ஒரு மடிப்புப் போதும். ஆங். எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லு. என் வயசுக்காக, என் மனசுக்காகச் சொல்லாத. எடுக்கலன்னா எடுக்கலன்னே சொல்லிரு, எனக்குப் பழக்கந்தான்.

என்ன? மறுபடிச் சொல்லு.

சும்மா சொல்லாத. நெசமாவா?

ஏன் உன் கண்ணு கலங்குது? லூசுப் பிள்ளை. உங்க அம்மாவும் உனக்கு இதையேதான் சொன்னாகளா? அப்ப இந்தக் கிளிப்பச்சையை எப்படிப் போட்ட? சொந்தச் சம்பாத்தியத்துல மொதமொதல்ல எடுத்ததா? நல்லாத்தான் இருக்கு உனக்கு. மொதல்லயே சொல்லணும்னுதான் உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். வாய் திறந்தா வேற மாதிரி வந்துருச்சு. மனசுல வச்சுக்காத.

அய்யய்ய, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. மடி, மடி, சீக்கிரம் பைக்குள்ள வையி. அந்தா பாரு, டீக்கடை முன்னாடி. பாய் போன் போட்டுச் சொல்லியிருப்பாரு. தெரியுதா? ராணி கலரு சட்டை. இம்புட்டுக் கூட்டத்துக்குள்ளயும் தெரியுது பாரு. ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. வழக்கமா நான் அந்தப் பக்கப் படியில எறங்கி ஓரமாப் போயிருவேன், இவுக தேடிக்கிட்டே நிப்பாக.

இந்தப் பஸ்ஸையும் பாக்குறாக. என்னையக் காணல. இந்தப் புழுதிச் சேலையில என்னைய எங்க தெரியப் போகுது?

வேணாம் தாயி. எடுக்காத. பைக்குள்ள வைக்க வேணாம், தோள்லயே கெடக்கட்டும். அந்தக் கரையை மட்டும் சரி பண்ணி விடு. கண்டக்டர் தம்பி பாக்குறான், பாத்துட்டுப் போறான். கூச்சமாத்தான் இருக்கு, உசுரு போற கூச்சம். என்ன செய்ய?

பிள்ளைக்காகத்தான். துணி பழகணும்ல.